செக்பாக்ஸ் டிக் சர்வரில் சரியாகப் பதியவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பள்ளி வருகைப் பதிவு, விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு, பயிற்சி வகுப்பு விண்ணப்பம் என்று சின்னச் சின்ன ஃபார்ம்களைப் பழுது பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அதில் செக்பாக்ஸ் பற்றிய புகார் மட்டும் ஓய்வதே இல்லை. "டிக் போட்டேன், சேவ் ஆகலை." "டிக்கை எடுத்தேன், திரும்ப வந்து நிக்குது." கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. சுற்றிச் சுற்றி ஏழெட்டுக் கோளாறுகள்தான். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காரணத்தை முதலிலும், கையைக் கடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில். பைத்தான், நோட் பக்கம் வேறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன். கோடில் வரும் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருப்பதால், தட்டச்சு செய்யும்போது வழக்கமான எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு இடத்தில் பாருங்கள்

பிரவுசர் என்ன அனுப்பியது? எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். குரோமில் "பிரிசர்வ் லாக்" என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த பக்கம் திறந்ததும் பட்டியல் அழிந்துவிடும். ஃபார்மை அனுப்பிவிட்டு, அந்தப் போஸ்ட் (ஃபார்ம் விவரத்தைச் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) வரியைத் தட்டி, குரோமில் "பேலோட்", ஃபயர்ஃபாக்ஸில் "ரிக்வெஸ்ட்" பகுதியைப் பாருங்கள். போன பெயர்களும் மதிப்புகளும் அப்படியே இருக்கும்.

சர்வருக்கு என்ன வந்தது? ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, வேறு எதுவும் ஓடுவதற்கு முன், போஸ்ட் அர்ரே (வந்த பெயர்களும் மதிப்புகளும் அடங்கிய பட்டியல்) முழுவதையும் எரர் லாகில் எழுதுங்கள். மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் தளத்தில் அதைத் திரையில் கொட்டாதீர்கள். அதில் பிறருடைய பெயரும் போன் எண்ணும் இருக்கும். வேலை முடிந்ததும் லாகில் எழுதியதையும் அழித்துவிடுங்கள்.

பிரவுசரிலேயே இல்லையென்றால் கோளாறு ஃபார்ம் இருக்கும் வலைப்பக்கத்தில். பிரவுசரில் இருந்து சர்வரில் இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில். இரண்டிலும் இருக்கிறதென்றால் ஸ்கிரிப்டில் அல்லது டேட்டாபேஸில். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கோடில் கை வைத்தால் அரை நாள் வீணாகும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டிக் இல்லாத பெட்டியைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. "இல்லை" என்றும் வராது, 0 என்றும் வராது, அந்தப் பெயரே வராது. கீழே வரும் கோளாறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

## அறிகுறி: டிக் போடாமல் அனுப்பினால் எச்சரிக்கை வருகிறது

பிஎச்பி 8-இல் "அன்டிஃபைன்ட் அர்ரே கீ" என்று வரும். 7-இல் இதுவே "அன்டிஃபைன்ட் இண்டெக்ஸ்" என்ற சின்னக் குறிப்பாக வந்துகொண்டிருந்தது. 8-இல் அது எச்சரிக்கையாக உயர்ந்துவிட்டது. அதனால்தான் ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பியைப் புதுப்பித்த மறுநாள் இந்தப் புகார் வருகிறது. கோடு நேற்று கெட்டதல்ல, முதலிலிருந்தே அப்படித்தான்.

வராத பெயரை ஸ்கிரிப்ட் நேராகத் தொடுகிறது, அவ்வளவுதான். ஒற்றைப் பெட்டி என்றால், பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கும் "இஸ்ஸெட்" வைத்து, இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகள் கொண்ட பட்டியல் என்றால் கடைசியில் `?? []` (வராவிட்டால் காலி அர்ரே என்று பொருள்) சேருங்கள், யாரும் எதையும் தேர்வு செய்யாத அன்று "ஃபார்ஈச்" காலி அர்ரேயில் அமைதியாக ஓடிவிடும். பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃபிளாஸ்க்கில் சதுர அடைப்பால் எடுத்தால் 400 பிழை வரும், அதே வகையான ஜாங்கோவில் "மல்ட்டிவேல்யூ டிக்ட் கீ எரர்" வரும். இரண்டிலும் "கெட்" அல்லது "கெட்லிஸ்ட்" பயன்படுத்துங்கள்.

வரிக்கு முன்னால் @ போட்டு எச்சரிக்கையை அடக்குவதைப் பலர் செய்கிறார்கள். வேண்டாம். நாளை பெயரில் எழுத்துப் பிழை வந்தால் அதையும் அது சேர்த்து மறைத்துவிடும்.

## அறிகுறி: டிக்கை எடுத்துச் சேமித்தாலும் மறுபடி டிக்கோடு நிற்கிறது

முதலில் டேட்டாபேஸைத் திறந்து அந்த வரிசையைப் பாருங்கள்.

### டேட்டாபேஸில் 0, திரையில் டிக்

காட்டும் இடத்தில்தான் கோளாறு. "செக்ட்" என்ற பண்பு இருந்தாலே டிக் விழும், அதன் மதிப்பு என்ன என்று பிரவுசர் பார்க்காது. `செக்ட்="ஃபால்ஸ்"` என்று எழுதினாலும் டிக்தான். 0 என்றால் அந்தச் சொல்லையே அச்சிடக் கூடாது.

அது சரியாக இருந்தும் ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் பழைய டிக் தெரிந்தால், சாதாரண ரீலோடில் ஃபயர்ஃபாக்ஸ் பயனர் கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்திருக்கும். ஃபார்மில் `ஆட்டோகம்ப்ளீட்="ஆஃப்"` போட்டால் சரியாகும்.

### டேட்டாபேஸிலேயே 1

சேமிக்கும் ஸ்கிரிப்ட் "வந்த பெயர்களை மட்டும் அப்டேட் செய்" என்று எழுதப்பட்டிருக்கும். டிக் எடுத்த பெட்டி வராது. வராததை அது தொடாது. பழைய 1 அப்படியே கிடக்கும். லூப்பில் வந்த பெயர்களைச் சுற்றாமல், ஃபார்மில் என்னென்ன பெட்டிகள் இருந்தன என்ற பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். அந்தப் பட்டியல் ஸ்கிரிப்டிடம் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அமைப்புகள் பக்கம் மூன்று தனித்தனி ஃபார்ம்களாக இருக்கும். முதல் ஃபார்மைச் சேமிக்கும்போது "வராததெல்லாம் 0" என்று மொத்தப் பட்டியலுக்கும் போட்டால், மற்ற இரண்டிலும் இருந்த டிக்குகள் எல்லாம் துடைத்துப் போய்விடும். எந்த ஃபார்ம் வந்ததோ அதன் பெட்டிகளை மட்டும் 0 ஆக்குங்கள். "டிசேபிள்ட்" செய்த பெட்டியும் இப்படித்தான்: திரையில் டிக்கோடு தெரியும், ஆனால் அனுப்பப்படாது, ஆகவே 0 ஆகிவிடும். "ரீட்ஒன்லி" போட்டுப் பார்ப்பார்கள், செக்பாக்ஸில் அது வேலை செய்யாது. மாற்றக் கூடாத பெட்டியை ஸ்கிரிப்ட் தொடாமல் விட்டுவிடுவதே வழி.

பல தேர்வுகளைத் தனி டேபிளில் வைத்திருந்தால், புதியதைச் சேர்க்கும் வரி இருக்கும், பழையதை நீக்கும் வரி இருக்காது. அந்தப் பயனருக்கு உரிய பழைய வரிசைகளை நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேருங்கள், இரண்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள். நடுவில் சர்வர் நின்றால் பாதி அழிந்த நிலை வராது.

### மறைவான இன்புட் வைத்தும் சரியாகவில்லை

பெட்டியோடு அதே பெயரில் 0 மதிப்புள்ள "ஹிடன்" இன்புட் வைப்பது பழைய, நல்ல உத்தி. ஆனால் எது முன், எது பின் என்பது மொழிக்கு மொழி மாறும். பிஎச்பியும் ஜாங்கோவின் "கெட்"டும் ஒரே பெயரில் கடைசியாக வந்ததை எடுக்கும். அதனால் ஹிடன் முன்னால், பெட்டி பின்னால். ஃபிளாஸ்க்கின் "கெட்", ஜாவா செர்வ்லெட்டின் "கெட்பாராமீட்டர்" இரண்டும் முதலில் வந்ததை எடுக்கும். அங்கே தலைகீழாக வைக்க வேண்டும். ஏஎஸ்பி டாட்நெட் எம்விசி தானே பெட்டிக்குப் பின்னால் ஹிடனை வைப்பதும் அதனால்தான். ஒரு மொழிக்கு எழுதிய ஃபார்மை இன்னொன்றில் அப்படியே ஒட்டினால் விடை எப்போதும் 0 ஆகவே வரும்.

## அறிகுறி: ஐந்து பாடம் தேர்வு செய்தால் ஒன்றுதான் பதிகிறது

பிஎச்பி: பெயரில் சதுர அடைப்பு இல்லை. `நேம்="பாடம்"` என்பதை `நேம்="பாடம்[]"` ஆக்குங்கள். எடுக்கும்போது அடைப்பு இல்லாமல் "பாடம்" என்றே எடுக்க வேண்டும்.

ஜாங்கோ, ஃபிளாஸ்க்: "கெட்"டுக்குப் பதில் "கெட்லிஸ்ட்".

எக்ஸ்பிரஸ் (நோட் பக்கம்): இங்கே ஒன்று தேர்வு செய்தால் சரமாகவும் (வெறும் எழுத்துத் தொடர்), இரண்டு தேர்வு செய்தால் அர்ரேயாகவும் வரும். சோதிக்கும்போது எல்லோரும் இரண்டு மூன்று டிக் போட்டுப் பார்ப்பார்கள், அதனால் பிடிபடாது. "தமிழ்" என்று ஒன்றை மட்டும் தேர்வு செய்த மாணவருக்கு, லூப் அந்தச் சரத்தைச் சுற்றி த, ம, ி, ழ, ் என்று ஐந்து வரிசைகளை எழுதிவைக்கும். டேட்டாபேஸில் தனியாக ஒரு புள்ளி மட்டும் பாடப்பெயராக நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். லூப்புக்கு முன் "கான்கேட்" கொண்டு எப்போதும் அர்ரே ஆக்கிவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் வழியாக அனுப்பினால்: ஃபார்ம்டேட்டாவை "ஃப்ரம்என்ட்ரீஸ்" வைத்து ஆப்ஜெக்ட் ஆக்கியிருப்பார்கள். ஒரே பெயரில் ஐந்து இருந்தால் அதில் கடைசி ஒன்றுதான் மிஞ்சும். "கெட்ஆல்" பயன்படுத்துங்கள்.

ஐந்தும் வருகின்றன, ஆனால் எல்லாம் "ஆன்" என்று இருக்கிறதா? "வேல்யூ" எழுத மறந்திருக்கிறீர்கள். எழுதாவிட்டால் பிரவுசர் "ஆன்" என்றே அனுப்பும்.

## அறிகுறி: ஒருவருடைய டிக் இன்னொருவர் பெயரில் விழுகிறது

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். எச்சரிக்கை வராது, லாகில் எதுவும் இருக்காது, எண்ணிக்கைகூடச் சரியாக இருக்கும்.

ஒரு பள்ளியின் வருகைப் பதிவில் இதைப் பார்த்தேன். வகுப்பிலேயே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு "இன்று வரவில்லை" என்று வீட்டுக்குச் செய்தி போயிருக்கிறது. பதறிப்போய் ஓடி வந்தார் அந்தப் பிள்ளையின் அம்மா. பழைய புகார்களை எடுத்துப் பார்த்தபோது எல்லாமே பட்டியலின் கடைசியில் வரும் பிள்ளைகளைப் பற்றியவை. அந்தக் "கடைசி" என்ற தகவல்தான் கோளாறைக் காட்டிக்கொடுத்தது.

ஃபார்மில் ஒவ்வொரு வரியிலும் ஹிடனாக `எண்[]`, பக்கத்தில் செக்பாக்ஸாக `வந்தார்[]`. ஸ்கிரிப்ட் இரண்டையும் இடவரிசைப்படி சேர்த்துப் படிக்கிறது. ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம், 2-ஆம் எண்ணும் 4-ஆம் எண்ணும் வரவில்லை. சர்வருக்கு வருவது இது:

எண்: 1, 2, 3, 4, 5
வந்தார்: 1, 1, 1

டிக் இல்லாத இரண்டு பெட்டிகள் வராததால் மிச்சம் மூன்றும் மேலே ஏறிவிட்டன. ஸ்கிரிப்ட் முதல் மூன்று எண்களுக்கு "வந்தார்" போடுகிறது. வராத 2 வந்ததாகவும், வந்த 5 வராததாகவும் பதிகிறது. மொத்தம் மூன்று பேர், அது சரி. மதிய உணவுக் கணக்கு தினமும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எல்லோரும் வந்த நாளில் பிழையும் இல்லை.

சோதனை: முதல் வரியை மட்டும் டிக் இல்லாமல் விட்டு, மற்ற எல்லாவற்றையும் டிக் செய்து அனுப்புங்கள். கடைசி வரி டிக் இல்லாமல் பதிந்தால் உங்களுக்கும் இதே கோளாறு.

தீர்வு: இடவரிசையை நம்பாதீர்கள். பெட்டியின் பெயருக்குள்ளேயே ஆளின் எண்ணை வையுங்கள்:

`<இன்புட் டைப்="செக்பாக்ஸ்" நேம்="வந்தார்[17]" வேல்யூ="1">`

ஸ்கிரிப்டில், அந்த வகுப்பின் மாணவர் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் `வந்தார்` அர்ரேயில் அந்தக் கீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வந்தார், இல்லையென்றால் வரவில்லை. ஹிடன் `எண்[]` தேவையே இல்லை.

எப்போது ஆளை அழைக்க வேண்டும்: இனி வரும் பதிவைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். பழைய பதிவு வேறு விஷயம். யார் பெயரில் எது விழுந்தது என்ற தகவல் டேட்டாபேஸில் இல்லை, சர்வரின் வழக்கமான அக்சஸ் லாகிலும் போஸ்ட் விவரம் இருக்காது. கணக்குப் போட்டுத் திருப்பி எடுக்க முடியாது, முயலவும் கூடாது. நான் சொன்ன பள்ளியில் ஆசிரியர்கள் காகிதப் பதிவேட்டையும் கைவிடாமல் எழுதிவந்தார்கள். அதை வைத்து நாள் நாளாகத் திருத்தினோம். அப்படி ஒன்று இருந்தால் முழு பேக்கப் எடுத்துவிட்டு, டேட்டாபேஸ் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இல்லையென்றால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பதிவு நம்பத்தகாதது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கை வைத்து ஒரு பிள்ளையின் தேர்வு அனுமதி முடிவாகலாம்.

## அறிகுறி: பட்டியல் நீளமானால் கடைசிப் பகுதி காணாமல் போகிறது

பக்கம் பக்கமாகப் பிரிக்கும் டேபிள். டேட்டாடேபிள்ஸ் போன்றவை, கண்ணில் படாத பக்கங்களின் வரிகளை வலைப்பக்கத்திலிருந்தே எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஃபார்மில் இல்லாத பெட்டி போகாது. அனுப்பும் நேரத்தில் எல்லா வரிகளையும் அந்த டேபிளிடமே கேட்டு எடுத்துச் சேர்க்க வேண்டும், அல்லது பக்கப் பிரிப்பை நிறுத்த வேண்டும்.

சர்வரின் எண்ணிக்கை வரம்பு. பிஎச்பியில் "மேக்ஸ் இன்புட் வார்ஸ்" என்ற அமைப்பின் இயல்பு அளவு 1000. 350 பேர், ஆளுக்கு எண், டிக், குறிப்பு என்று மூன்று இன்புட் என்றால் 1050 ஆகிவிடும். மிஞ்சியதை பிஎச்பி வெட்டிவிட்டு லாகில் ஒரு வரி எச்சரிக்கை மட்டும் எழுதும். ஃபார்மின் அடியில் பாதுகாப்பு டோக்கன் இருந்தால் அதுவும் வெட்டுப்பட்டு, "செஷன் முடிந்துவிட்டது" என்று சம்பந்தமில்லாத செய்தி வரும். ஜாங்கோவிலும் எக்ஸ்பிரஸிலும் இயல்பு வரம்பு இதே 1000தான். ஆனால் அவை வெட்டாமல் முறையே 400, 413 என்று மறுத்துவிடும். எனக்கு அந்த மறுப்புதான் பிடிக்கும். பாதியைச் சேமிப்பதைவிட நிற்பது நல்லது.

ஹிடன் எண்களை எடுத்துவிட்டாலே பல இடங்களில் வரம்புக்குள் வந்துவிடும். அப்படியும் தாண்டினால் பிஎச்பி அமைப்புக் கோப்பில் அளவைக் கூட்ட வேண்டும். ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து "இனிசெட்" வைத்துக் கூட்ட முடியாது, ஏனென்றால் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும் முன்பே வெட்டு முடிந்திருக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்தக் கோப்பு உங்கள் கையில் இல்லையென்றால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும்.

## அறிகுறி: எதுவுமே வருவதில்லை

பெட்டிக்கு "ஐடி" மட்டும் இருக்கிறதா, "நேம்" இருக்கிறதா என்று பாருங்கள். நேம் இல்லாதது போகாது. அடுத்து, பெட்டி ஃபார்முக்கு உள்ளேதானா? ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம் வைத்திருந்தால், உள் ஃபார்மின் மூடும் குறி வெளி ஃபார்மை மூடிவிடும். அதற்குக் கீழே உள்ள பெட்டிகள் அனாதையாகிவிடும்.

பிரவுசரில் போகிறது, சர்வரில் போஸ்ட் காலி என்றால் நெட்வொர்க் பட்டியலில் 301 அல்லது 302 (வேறு முகவரிக்குத் திருப்பும் பதில்) இருக்கிறதா பாருங்கள். எச்டிடிபி முகவரிக்கு அனுப்பி, சர்வர் எச்டிடிபிஎஸ்சுக்குத் திருப்பினால், வழியில் போஸ்ட் கெட் ஆகிவிடும், விவரம் எல்லாம் போய்விடும். "ஆக்‌ஷன்" முகவரியைச் சரியாக எழுதினால் தீர்ந்தது. ஜேசனாக அனுப்பினாலும் பிஎச்பியின் போஸ்ட் அர்ரே நிரம்பாது; மூல உள்ளீட்டைப் படித்துப் பிரிக்க வேண்டும். 403 (அனுமதி மறுப்பு) வந்தால் ஹோஸ்டிங்கின் ஃபயர்வால் தடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு அவர்களிடம் கேளுங்கள்.

## அறிகுறி: டிக் இல்லாமலே "சம்மதம்" என்று பதிகிறது

ஹிடனும் இஸ்ஸெட்டும் சேர்ந்திருக்கின்றன. ஹிடன் 0 எப்போதும் வருவதால் இஸ்ஸெட் எப்போதும் உண்மை. ஹிடன் வைத்தால் மதிப்பு "1"தானா என்று ஒப்பிட வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ஜேக்வெரியின் "வால்" கேட்டிருக்கிறார்கள். டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேல்யூவைத்தான் தரும். "ப்ராப்" வைத்து செக்ட் நிலையைக் கேளுங்கள்.

சரத்தை உண்மை, பொய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "ஃபால்ஸ்" என்ற சரம் பிஎச்பி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் உண்மைதான். "0" என்ற சரம் பிஎச்பியில் பொய், மற்ற இரண்டிலும் உண்மை. நேரடியாக ஒப்பிட்டுவிடுங்கள்.

பெட்டி முதலிலேயே டிக்கோடு வருகிறது. இது நிரல் பிழை அல்ல, ஆனால் விட்டுவிட முடியாது. முன்பே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான செயலால் தரும் சம்மதத்தைத்தான் கேட்கிறது. தவறாகப் பதிந்த சம்மதங்கள் டேபிளில் ஏற்கெனவே இருந்தால், அவற்றை வைத்து ஒரு செய்தியும் அனுப்பாமல் நிறுத்திவிட்டு, இந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். நீங்களாக அந்த வரிசைகளைத் திருத்தாதீர்கள்.

## அறிகுறி: ஃபார்மில் இல்லாத மதிப்பு டேட்டாபேஸில் இருக்கிறது

யாரோ எஃப்12 திறந்து வேல்யூவை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். இதற்குத் திறமை எதுவும் தேவையில்லை, பத்து நொடி வேலை. வரும் ஒவ்வொரு மதிப்பையும் ஸ்கிரிப்டிடம் உள்ள அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிஎச்பியின் "இன் அர்ரே" என்றால் மூன்றாவது இடத்தில் "ட்ரூ" கொடுத்துக் கண்டிப்பான ஒப்பீடாக வையுங்கள். ஆசிரியர் அனுப்பும் `வந்தார்[17]`இல் 17 அவருடைய வகுப்புப் பிள்ளைதானா என்பதையும் இங்கேயே பாருங்கள். மாணவர் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுத்துச் சுற்றும் முறையில் இது தானாகவே நடந்துவிடும். எஸ்கியூஎல் வரியில் மதிப்புகளைக் கமா போட்டு ஒட்டாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி வைத்துத் தனியாகக் கொடுங்கள்.

அந்த விசித்திர மதிப்புகளில் மேற்கோள் குறிகளோ எஸ்கியூஎல் சொற்களோ கிடந்தால் ஒருவர் உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார் என்று பொருள். லாக்குகளை அழிக்காமல் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றி, அன்றைக்கே பாதுகாப்பு தெரிந்த ஒருவரை அழையுங்கள்.